வாழைப்பழத்துக்கு மூன்று விலைமனு

முந்தநாள் இரவு டோஹாவிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு அழைப்பு. என்னிடம் ஓடப் பழகிய பொடியன், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம். "சேர், பொலிஸ் நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்திருக்காம். அம்மா படம் எடுத்து அனுப்பினா. வாறதா, விடுறதா?" என்று கேட்டான். விண்ணப்பம் போட்டு ஒரு வருஷமும் ஐந்து மாதமும் ஆகிறது என்று கணக்கையும் அவனே சொன்னான். இடையில் ஏஜென்சிக்குக் காசு கட்டி, மெடிக்கல் முடித்து, கட்டாருக்குப் போய், ஒரு கட்டடத்து வாசலில் காவலாளியாக நிற்கிறான். அங்கேயும் யூனிபோர்ம்தான்.

"தமிழ்ப் பொடியன்கள் பொலிஸுக்கு வரமாட்டார்கள்" என்று கொழும்பில் சொல்வார்கள். நம்மவர்களிலும் சிலர் அதையே கொஞ்சம் பெருமையோடு சொல்வார்கள். இரண்டு பக்கத்துக்கும் வசதியான கதை. நான் கண்டது வேறு. பிள்ளைகள் வருகிறார்கள். வந்தவர்களைக் காக்க வைத்தே கைவிட்டுவிடுகிறோம்.

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன். சில வருடங்களுக்கு முன், பொலிஸ் சேவைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளை ஆயத்தப்படுத்த எங்கள் பக்கம் அரச காசில் ஒரு பயிற்சித் திட்டம் நடந்தது. ஓட்டம், நுண்ணறிவு, பொது அறிவு, கொஞ்சம் சிங்களம். ஓட்டத்தை என் தலையில் கட்டினார்கள். நோக்கத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் வருடத் தொடக்கத்தில் வரவேண்டிய காசு கைக்கு வந்தது செப்டெம்பர் கடைசியில். டிசம்பர் 31க்குள் செலவழிக்காவிட்டால் திறைசேரிக்குத் திரும்பிவிடும். மட்டக்களப்பில் ஒக்டோபர், நவம்பர் எப்படி இருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாரி மழையில் மைதானம் குளமாகிவிடும். அதே நேரத்தில்தான் பெரும்போக நெல் விதைப்பும். பெயர் பதிந்த பொடியன்களில் பாதிப்பேர் வயலில் நிற்கிறார்கள். நாள்கூலியை விட்டுவிட்டு ஓட வா என்று எந்த வாயால் கூப்பிடுவது? வந்தவர்கள் தார் வீதியில் ஓடினோம், லொறி வந்தால் ஓரம் கட்டி, போனதும் மறுபடி ஓடி. சித்திரை, வைகாசியில் அதே மைதானம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. அப்போது கையில் ஒரு சதம் இல்லை.

அப்புறம் சாப்பாடு. விடிய ஐந்தரைக்கு ஓட வருகிற பிள்ளை வெறும் வயிற்றோடு வரும். மூன்றாம் நாளே ஒருத்தன் மயங்கி விழுந்தான். ஓட்டம் முடிந்ததும் ஆளுக்கு இரண்டு வாழைப்பழமும் அவித்த கடலையும் கொடுப்போம் என்றேன். நல்ல யோசனை, ஆனால் மூன்று கடைகளிடம் எழுத்தில் விலைமனு எடுக்க வேண்டும், பதிவு செய்த கடையாக இருக்க வேண்டும் என்றார்கள். சந்தையில் பழம் விற்கிற அம்மாவிடம் லெட்டர்ஹெட் கேட்க முடியுமா? கடைசியில் என் பென்ஷனில் வாங்கினேன். தொடக்க விழாவுக்கு மேடை, பதாகை, மாலை, சிற்றுண்டி எல்லாம் ஒரே நாளில் பாஸானது. அதற்கு விலைமனு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

காசைவிடக் கஷ்டமானது வீடு. ஒரு தாய் என் முகத்துக்கு நேரே சொன்னா: "வேணாம் சேர். கூலிக்குப் போனாலும் உயிரோட இருப்பான்." அவவைப் பயந்தாங்கொள்ளி என்று நான் சொல்ல மாட்டேன். 1990 ஜூன் 11ஆம் திகதியை அனுபவித்த தலைமுறை அது. கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரைப் புலிகள் இயக்கம் சுட்டுக் கொன்ற நாள். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் எங்கள் ஊர்களில் எத்தனை வீடு வெறுமையானது என்பதும் அவவுக்குத் தெரியும். அது போகட்டும், பழைய கதை என்றால், 2018 நவம்பர் 30ஆம் திகதி வவுணதீவுச் சோதனைச்சாவடியில் கொல்லப்பட்ட இரண்டு கான்ஸ்டபிள்களில் ஒருவர் தமிழர். முதலில் பிடிபட்டது ஒரு முன்னாள் போராளி. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகுதான், அதை நடத்திய சஹ்ரானின் ஆட்கள் செய்த வேலைதான் இதுவும் என்று தெரியவந்தது, பிடித்தவரையும் விட்டார்கள். காக்கி போட்ட தமிழ்ப் பிள்ளைக்கும் ஆபத்து, போடாத தமிழ்ப் பிள்ளைக்கும் சந்தேகம். இந்தத் தாயை எந்தப் பதாகை சமாதானப்படுத்தும்?

வீட்டைச் சமாளித்துக் கொண்டு வந்தாலும் குடும்பப் பின்னணி விசாரணை இருக்கிறது. கிழக்கில் இயக்கத்தோடு ஒரு நூல் தொடர்பும் இல்லாத வீடு எத்தனை? சித்தப்பா போயிருப்பார், மாமாவைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். அந்தப் பிள்ளை பிறக்கும் முன் நடந்த விஷயம். விசாரிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தகுதி இல்லை என்றால் இல்லை என்று ஒரு கடிதம் போடலாமே. பதிலே வராது. பிள்ளை தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இதெல்லாம் எதற்கு, சிங்கள உத்தியோகத்தர்களுக்குத் தமிழ் படிப்பித்தால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். படிப்பிக்கட்டும், மிக நல்லது. ஆனால் தமிழ் அரச கரும மொழி என்று 13ஆம் திருத்தம் சொன்னது 1987இல். பொலிஸ் நிலையங்களில் மக்கள் தங்கள் மொழியில் வாக்குமூலம் கொடுக்க வழி வேண்டும் என்று கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவே 2011இல் எழுதியது. அதற்குப் பிறகும், என் சொந்தக்காரப் பெண் ஒருத்தி புருஷன் அடித்ததை முறைப்பாடு செய்யப் போய், தான் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்த தாளில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தாள். உள்ளே என்ன எழுதியிருந்தது என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. அன்று அங்கே தமிழ் பேசுகிற பெண் கான்ஸ்டபிள் யாரும் இல்லை. தகப்பனிடம் சொல்லக் கூசுகிற விஷயத்தை முன்பின் தெரியாத ஆம்பிளையிடம், அதுவும் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு சொல்ல முடியுமா?

எங்கள் திட்டத்தில் பெண்பிள்ளைகள் இருபது பேர் பதிந்தார்கள். தமிழ், முஸ்லிம் இரண்டும். ஓட்டத்தில் ஆண்பிள்ளைகளைவிட ஒழுங்காக வந்தது இவர்கள்தான். ஆனால் உடுப்பு மாற்ற ஒரு மறைப்பு இல்லை, கழிப்பறை இல்லை, விடியப்புறம் கூட்டி வர பஸ் இல்லை. மாதம் முடிய ஏழு பேர் மிஞ்சினார்கள். இறுதி அறிக்கையில் இருபது என்றே போனது, ஏனென்றால் படிவத்தில் "பதிவு செய்தோர்" என்ற கட்டம் மட்டும்தான் இருந்தது. இடையில் நின்றவர், ஏன் நின்றார், சேவையில் சேர்ந்தவர், சேர்ந்து விலகியவர், ஒன்றுக்கும் கட்டம் இல்லை.

டோஹாப் பொடியனுக்கு நான் என்ன சொல்வேன்? டிக்கெட் காசு கொடுத்து வந்து, நேர்முகம் முடிந்து, இன்னொரு ஒரு வருஷமும் ஐந்து மாதமும் இருக்கச் சொல்வதா? "மனே, நீயே யோசி" என்றுதான் சொன்னேன். வாத்தியார் சொல்லக்கூடிய பதில் இல்லை அது.

பயிற்சித் திட்டத்தை மறுபடி தொடங்கப் போகிறார்களாம். போன கிழமை ஒருவர் எடுத்து, "சேர், வருவீங்கதானே?" என்று கேட்டார். வருவேன். கல்லடியில் பொலிஸ் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது, அங்கே ஒரு மைதானமும் இருக்கும். விடியற்காலையில் இரண்டு மணித்தியாலம் கேட்டுப் பாருங்கள் என்றேன். காசு சித்திரைக்குள் வரவேண்டும். பெண்பிள்ளைகளுக்கு பஸ் முதல் நாளே ஓட வேண்டும். வாழைப்பழம் வாங்க என்னிடம் ரொக்கம் தர வேண்டும், பில் நானே எழுதித் தருகிறேன். எல்லாவற்றையும் எழுத்தில் தரச் சொன்னார். நேற்று அனுப்பிவிட்டேன்.