சபூர் அவளுடையது, ஷுக்ரு உங்களுடையது

நேற்றிலிருந்து அந்த வீடியோவை எத்தனை பேர்தான் அனுப்புவீர்கள்? "ஈமான் (இறைநம்பிக்கை) உள்ள தாய் எப்படி இருக்கணும்னு பாருங்க" என்று ஒரு வரியும் சேர்த்து! பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்த வீடு. அழுகிற தாயிடம், "அழக்கூடாதும்மா, அல்ஹம்துலில்லாஹ் சொல்லு, ஷுக்ரு (நன்றி) செய்" என்று விடாமல் சொல்லி, அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை வரவழைத்துப் படம் பிடித்திருக்கிறார்கள். பார்க்க முடியவில்லை.

பொறுமையை நாம் சபூர் என்கிறோம். அந்த ஸப்ருக்கு அரபியில் 'தடுத்துப் பிடித்துக்கொள்வது' என்றே பொருள். எதைத் தடுப்பது? மூன்றை என்கிறார் மார்க்க அறிஞர் இப்னுல் கய்யிம் (ரஹ்): மனதைப் பதற்றத்திலிருந்து, நாவை முறையீட்டிலிருந்து, கையைக் கன்னத்தில் அறைந்துகொள்வதிலிருந்தும் உடையைக் கிழிப்பதிலிருந்தும். கண்ணீர் இந்த மூன்றில் எதிலும் இல்லை. நபி (ஸல்) அவர்களே மகன் இப்ராஹீமின் கடைசி மூச்சில் அழுதார்கள். கண் கசிகிறது, உள்ளம் வருந்துகிறது, ஆனால் நம் இறைவனுக்குப் பொருத்தமானதைத் தவிர வேறெதையும் சொல்ல மாட்டோம் என்றார்கள். நாவுக்குத்தான் கடிவாளம்.

முறையீடும்கூட மனிதர்களிடம் போகும்போதுதான் பிரச்சினை. அய்யூப் நபி "எனக்குத் துன்பம் தீண்டிவிட்டது" என்று ரப்பிடமே, இறைவனிடமே சொன்னார்கள் (குர்ஆன் 21:83). அவர்களைத்தான் அல்லாஹ் பொறுமையாளராகக் கண்டதாகச் சொல்கிறான் (38:44).

ஷுக்ருக்கு வருவோம். 'இஹ்யா' என்ற தன் பெரும் படைப்பின் 40 நூல்களில் 32வதைச் சபூருக்கும் ஷுக்ருக்கும் சேர்த்தே ஒதுக்கினார் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). ஷுக்ருக்கு அவர் வைக்கிற படிகள் மூன்று: பாக்கியம் யாரிடமிருந்து வந்தது என்று அறிவது, கொடுத்தவனை நினைத்து மகிழ்வது, கொடுத்ததை அவனுக்குப் பிடித்த வழியில் செலவழிப்பது. மூன்றாவது இல்லாமல் நாக்கு மட்டும் அசைந்தால் அது அரைகுறை. அன்று அந்த வீட்டில், தன் பிள்ளை உயிரோடு இருக்க, கைகால் திடமாக உட்கார்ந்திருந்தவர் யார்? வந்தவர்கள். அப்படியானால் ஷுக்ரு யார் மேல் கடமை? சபூர் அவளுடையது. ஷுக்ரு உங்களுடையது.

"ஒரே சோதனையில் இரண்டும் சேரும் என்று கஸ்ஸாலியே எழுதியிருக்கிறாரே" என்பீர்கள். ஆம். இதைவிடப் பெரிதாக வந்திருக்கலாம், தீனில் (மார்க்கத்தில்) வராமல் துன்யாவில் (உலக வாழ்வில்) வந்ததே என்று. அது அடிபட்டவர் தனக்குள் எண்ணிப் பார்ப்பது. பக்கத்தில் இருப்பவர் "இன்னொரு பிள்ளை இருக்கே" என்று விரல் விட்டு எண்ணிக் காட்டுவதற்கில்லை. பிள்ளையை இழந்தும் ஹம்து (இறைப்புகழ்) சொன்ன அடியானுக்குச் சொர்க்கத்தில் வீடு கட்டப்படும் என்கிற 'பைத்துல் ஹம்து' ஹதீஸையும் கொண்டு வருவீர்கள். அந்த அடியான் தானாகச் சொன்ன ஹம்து அது.

"நபியும்தானே பொறுமை செய்யச் சொன்னார்கள்?" சொன்னார்கள். மகளின் பிள்ளை மரணத் தறுவாயில் இருந்தபோது, அல்லாஹ் எடுத்ததும் கொடுத்ததும் அவனுடையதே, பொறுத்துக்கொண்டு கூலியை எதிர்பார்க்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மகள் வரச் சொல்லி வற்புறுத்தியதும் எழுந்து போனார்கள். மூச்சு இரைக்கும் பிள்ளையைக் கையில் வாங்கினார்கள், கண்ணீர் வடிந்தது. "இது என்ன?" என்று தோழர் ஸஅத் (ரலி) கேட்க, "இது ரஹ்மத் (இரக்கம்)" என்றார்கள். இன்னொரு பெண், கப்ரருகே (கல்லறையருகே) அழுதவள், பொறுமை செய்யச் சொன்ன நபியை யாரென்று தெரியாமல் "தள்ளிப் போங்கள், என் முஸீபத் (துன்பம்) உங்களுக்கு வரவில்லை" என்றாள். தள்ளிப் போனார்கள்! வாதாடவில்லை. அவளாகத் தேடி வந்தபோதுதான், பொறுமை என்பது துன்பத்தின் முதல் அடி விழும்போதே என்ற பாடம்.

ஹிஜ்ரி 8இல் முஃதா போரில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதானபோது (வீரமரணம் அடைந்தபோது), அவர் வீட்டாருக்குச் சாப்பாடு செய்யுங்கள் என்றார்கள் நபி (ஸல்). ஷுக்ரு செய்ய ஆசையா? இதைச் செய்யுங்கள். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு மூன்று நாள் சாப்பாடு, இன்னார் இன்ன வேளை என்று முன்பே பேசி வைத்து. இல்லாவிட்டால் முதல் நாள் ஐந்து சட்டி பிரியாணி வரும், மூன்றாம் நாள் ஒன்றும் வராது. துக்கத்தில் சோறு இறங்காது. அதற்கு நபியின் மனைவி ஆயிஷா (ரலி) அறிவித்த தல்பீனா என்ற கஞ்சி இருக்கிறது. வாற்கோதுமை மாவு இரண்டு மேசைக்கரண்டி, முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டு, ஒன்றரை டம்ளர் நீரில் சிறுதீயில் பத்துப் பதினைந்து நிமிடம் கிண்டுங்கள். மாவை நேராகக் கொதிநீரில் போட்டால் கட்டி தட்டும். பால் கடைசியில், தேன் இறக்கியபின். கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள்.

அந்த வீடியோவை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்தத் தாயின் முகம் அதில் இருக்கிறது.