அந்தச் சுவர் ஒன்றே போதும்

இன்றைய தொழில்நுட்பத்தில் மறுபடி எடுத்தால் பழைய திகில் படங்கள் இன்னும் அதிகமாகப் பயமுறுத்தும் என்கிறார் ஒரு கட்டுரையாளர். 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' என்ற ஹாலிவுட் திகில் படத்தைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 1984-இல் வந்த மூலப் படத்தில் நாயகி நான்சி தூங்குவாள். தலைக்கு மேலே சுவர் மெல்லப் புடைத்து, கனவில் வந்து கொல்லும் ஃபிரெடியின் முகமும் கைகளும் துருத்திக்கொண்டு வரும். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் இழுபடும் துணியைக் கட்டி, பின்னாலிருந்து ஓர் ஆள் சாய்ந்தார், அவ்வளவுதான் வித்தை! 2010-இல் வந்த ரீமேக்கில் அதையே கணினி வரைகலையில் செய்தார்கள். உருகும் மெழுகு போல நெளிகிறது; எனக்குக் கொட்டாவிதான் வந்தது. ரீமேக் என்றாலே ஆகாது என்று சொல்லவில்லை. இயக்குநர் ஜான் கார்பென்டரின் 'தி திங்' (1982) கூட 1951-இலேயே ஒருமுறை படமான கதைதான். ஆனால் அவர் அந்தப் படத்தை நகலெடுக்காமல் மூலக் குறுநாவலுக்கே திரும்பிப் போனார்.