என்.எஃப்.எல். சாஃப்ட் ஆகிவிட்டது என்பவர்களிடம்

இங்கே அமெரிக்காவின் சின்சினாட்டியில் செப்டம்பர் பிறந்துவிட்டால் ஆபீசில் என்.எஃப்.எல். என்ற அமெரிக்கன் ஃபுட்பால் தொழில்முறை லீக்கைத் தவிர வேறு பேச்சே கிடையாது. திங்கட்கிழமை காலை காபி மெஷின் பக்கம் போனால் முந்தைய நாள் ஆட்டத்தை அலசிக்கொண்டிருப்பார்கள். அந்த அலசலில் தவறாமல் ஒரு புலம்பல் வந்துவிடும்: "ஆட்டம் முன்ன மாதிரி இல்ல, தொட்டாலே கொடி எறியறாங்க." நடுவர் கொடி எறிந்தால் விதிமீறல் என்று அர்த்தம். பத்துப் பதினைந்து வருடமாக இந்த ஊர் ஆட்டத்தைப் பார்த்துப் பழகிவிட்ட நம் ஆட்களும் முகநூலில் இதையேதான் எழுதுகிறார்கள்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. முரட்டுத்தனம் குறைந்திருப்பது உண்மைதான். ஆனால் யாருடைய உடம்புக்காகக் குறைத்தார்கள், எந்த அடியைத் தடுத்தார்கள், எந்த அடியை அப்படியே விட்டுவைத்தார்கள் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் கோபம்தான் வருகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்புக்காக விதியை மாற்றுவது புதுப் பழக்கம் ஒன்றும் இல்லை. 1905-ல் கல்லூரி ஆட்டங்களில் சாவுகள் பெருகியபோது அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த வருடம் வந்த மாற்றங்களில் ஒன்றுதான், பந்தை முன்னோக்கி எறியலாம் என்பது. இன்று 50 கஜம் தள்ளி ஓடுகிற ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) கையில் பந்து போய் உட்காரும்போது எழுந்து நின்று கத்துகிறோமே, அந்த அழகே உயிர்ப்பலியைக் குறைக்கச் செய்த சீர்திருத்தத்தில் பிறந்ததுதான்.

அப்புறமும் பல பத்தாண்டுகள் ஆட்டம் கொடூரமாகத்தான் இருந்தது. என்.எஃப்.எல்.லில் ஹெல்மெட் கட்டாயமானதே 1943-ல்தான். நைட் ட்ரெய்ன் லேன் என்ற தற்காப்பு வீரர் ஓடிவருகிறவரின் கழுத்தைக் கையால் வளைத்துத் தரையில் சாய்ப்பார். அந்தப் பிடிக்கு 'நைட் ட்ரெய்ன் நெக்டை' என்று செல்லப் பெயரே வைத்திருந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் டீக்கன் ஜோன்ஸ், பந்து நகர்ந்த அடுத்த கணம் எதிரில் இருப்பவரின் ஹெல்மெட்டில் பக்கவாட்டில் பளாரென்று அறைவார். காது அடைத்து, தலை சுற்றி அவர் சுதாரிப்பதற்குள் ஜோன்ஸ், பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கிடம் போயிருப்பார். இதெல்லாம் விதிப்படி சரி. தலையில் அறைவதை 1977-ல்தான் தடை செய்தார்கள்.

டாரில் ஸ்டிங்லியின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1978 ஆகஸ்ட் 12, ஓக்லண்ட். சீசன் இன்னும் தொடங்கவில்லை, வெறும் பயிற்சி ஆட்டம். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் ரிசீவர் ஸ்டிங்லி, 26 வயது, தனக்கு எட்டாமல் போன பந்துக்காகப் பாய்கிறார். உடம்பு முன்னால் சரிந்து, தலை தாழ்ந்திருக்கிறது. அந்த நிலையில் எதிரணியான ரெய்டர்ஸின் ஜாக் டேட்டம் எதிரிலிருந்து வந்து மோதுகிறார். கழுத்தெலும்பு முறிந்து, கைகால் நான்கும் செயலிழந்தன. 2007-ல் 55 வயதில் இறக்கும்வரை ஸ்டிங்லிக்குச் சக்கர நாற்காலிதான். எதிரணிப் பயிற்சியாளர் ஜான் மேடன் அன்று மைதானத்திலிருந்து நேராக மருத்துவமனைக்குப் போனார். டேட்டம் கடைசிவரை நேரில் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த மோதலுக்கு நடுவர் கொடி எறியவில்லை என்பதுதான் முக்கியமான விஷயம். எறிய இடமே இல்லை. அன்றைய விதிப்படி டேட்டம் செய்ததில் எந்தத் தவறும் கிடையாது.

"முன்ன மாதிரி இல்ல" என்று சொல்கிறவர்கள் அந்த முன்னாளில் இதுவும் உண்டு என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, அதற்குப் பிறகு விதிகள் எப்படி மாறின? இந்தத் தடைகளில் பலவற்றுக்கு முன்னால் ஒரு நட்சத்திரத்தின் காயம் இருக்கும். 2006 ஜனவரியில் எங்கள் ஊர் பெங்கால்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் கார்சன் பாமர், பிளே-ஆஃப் ஆட்டத்தில் எறிந்த முதல் பந்திலேயே முழங்கால் பிய்ந்து வெளியே போனார். அதே வருடம் குவார்ட்டர்பேக்கின் முழங்காலிலோ அதற்குக் கீழேயோ அடிப்பதற்கு எதிரான விதியை இறுக்கினார்கள். 2008 சீசனின் முதல் ஆட்டத்திலேயே இன்னொரு நட்சத்திரக் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் முழங்கால் போனது. 2009-ல், கீழே விழுந்து கிடக்கிற வீரர் குவார்ட்டர்பேக்கின் காலை நோக்கிப் பாயக் கூடாது என்றார்கள். 2017-ல் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ்மேல் ஒருவர் முழு எடையோடு விழுந்து அவருடைய காறையெலும்பு முறிந்தது. 2018-ல், குவார்ட்டர்பேக்கைச் சாய்த்தாலும் அவர்மேல் உன் எடையைப் போடாதே என்பதைக் கறாராக அமல்படுத்தத் தொடங்கினார்கள்.

ஒவ்வொன்றும் நியாயமான விதி. பாமருக்கு நடந்தது எவனுக்கும் நடக்கக் கூடாது. ஆனால் அந்த 2018 செப்டம்பரிலேயே மயாமி டால்ஃபின்ஸின் வில்லியம் ஹேய்ஸ், டெரெக் கார் என்ற குவார்ட்டர்பேக்கைச் சாய்க்கும்போது, தன் எடை அவர்மேல் விழக் கூடாதே என்று உடம்பைத் திருப்பினார். திருப்பியதில் அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்து சீசனே முடிந்துபோனது. விதியை மதித்ததற்காகக் கால் போன அந்த மனிதருக்காக எந்த அவசர மாற்றமும் வரவில்லை. தொலைக்காட்சி ஒப்பந்தங்கள் குவார்ட்டர்பேக்கின் முகத்தை நம்பி நடக்கின்றன. ஹேய்ஸின் முகம் யாருக்கும் தெரியாது. விதி யாரை முதலில் காக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம்.

ஓஹையோ ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் ஊர் மைதானம் இந்த வரலாற்றில் அதிகமாகவே அடிபட்ட இடம். பாமர் விழுந்தது இங்கேதான். 2017 டிசம்பரில் பிட்ஸ்பர்க் அணியின் தற்காப்பு வீரர் ரயன் ஷேசியர் தலையைக் குனிந்தபடி மோதி முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டதும் இங்கேதான். அடுத்த மார்ச்சில், யாராக இருந்தாலும் தலையைத் தாழ்த்தி ஹெல்மெட்டால் முட்டக் கூடாது என்ற பொது விதி வந்தது. 2023 ஜனவரி 2 அன்று பஃபலோ அணியின் டமார் ஹாம்லின் சாதாரணமாக ஒரு டேக்கிள் போட்டு (பந்தோடு வந்தவரைச் சாய்த்து), எழுந்து நின்று, அப்படியே மல்லாந்து விழுந்தாரே, இதயம் நின்றுபோய்? அதுவும் இங்கேதான். அதில் விதிமீறல் ஏதும் இல்லை. நெஞ்சில் ஒரு குறிப்பிட்ட கணத்தில் விழுந்த அடி. மருத்துவக் குழு ஓடிவந்து நெஞ்சை அழுத்தி உயிரைக் காப்பாற்றியது. அடுத்த சீசனில் அவர் திரும்பவும் ஆடினார். அன்று இரவு ஊரே தூங்கவில்லை.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது இப்படிக் கேமராவில் பதியும் அடிகள் அல்ல.

ஒரு ஆட்டத்தில் ஒவ்வொரு முறை பந்து நகரும்போதும் நடுவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நம் கண் குவார்ட்டர்பேக்கின் கையைத் தொடர்ந்து போய்விடும். அவருக்கு முன்னால் சென்டர் என்பவர் குனிந்து, பந்தைத் தரையில் பிடித்தபடி இருக்கிறார். எதிரில் ஒரு முழங்கை தூரத்தில் 140 கிலோ எடையுள்ள இன்னொருவர் கையைத் தரையில் ஊன்றிக் காத்திருக்கிறார். பந்து கால்களுக்கு நடுவே பின்னால் போன அதே கணத்தில் இருவரும் எழும்பி மோதுகிறார்கள். முதலில் உரசுவது பெரும்பாலும் ஹெல்மெட்தான். யாரும் மயங்கி விழுவதில்லை, யாரும் கொடி எறிவதில்லை. ஒரு ஆட்டத்தில் இது அறுபது தடவைக்கு மேல் நடக்கும். பயிற்சி தனி.

மைக் வெப்ஸ்டர் இந்த வேலையை 17 சீசன், 245 ஆட்டம் செய்தார். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸோடு நான்கு சூப்பர் பவுல் (லீக்கின் இறுதி ஆட்டம்) வென்ற சென்டர். 'அயர்ன் மைக்' என்பார்கள். ஓய்வுக்குப் பின் அவருக்குப் பேச்சு குழம்பியது, நினைவு தப்பியது. கல்யாணம் முறிந்தது, பணம் போனது, சில காலம் தன் பிக்-அப் டிரக்கிலேயே படுத்துத் தூங்கினார். விழுந்த பற்களைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டார். 2002-ல் 50 வயதில் இறந்தார். அவருடைய மூளையைப் பரிசோதித்த டாக்டர் பென்னெட் ஒமாலு, திரும்பத் திரும்ப அடிபட்ட மூளைகளில் காணப்படும் சி.டி.இ. என்ற நோய் அதில் இருப்பதைக் கண்டு 2005-ல் ஆய்விதழில் வெளியிட்டார். என்.எஃப்.எல்.லின் மூளைக்காயக் குழு மருத்துவர்கள் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னார்கள்.

இத்தனைக்கும் 1999-லேயே, லீக்கின் ஓய்வூதிய வாரியம் வெப்ஸ்டரின் ஊனம் ஃபுட்பாலில் பட்ட தலைக்காயங்களால் வந்தது என்று ஒப்புக்கொண்டு அவருக்கு உதவித்தொகை அனுமதித்திருந்தது. ஒரு மேசையில் ஒப்புக்கொண்டு காசோலை எழுதிவிட்டு, இன்னொரு மேசையில் பல வருடங்கள் மறுத்துக்கொண்டே இருந்தார்கள். "தெரிந்துதானே ஆட வந்தான், கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறானே" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த 1999 நினைவுக்கு வரும். அவனுக்கு எங்கே தெரிந்தது? தெரிந்தவர்கள் சொல்லவில்லையே!

2017-ல் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு ஆராய்ந்த 111 என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளில் 110-ல் இந்த நோய் இருந்தது. சந்தேகம் வந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் செய்கின்றன, ஆகவே எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று சொல்லிவிட முடியாது, சரி. ஆனால் 2023-ல் 631 வீரர்களின் மூளைகளை வைத்து வந்த இன்னொரு ஆய்வு இன்னும் முக்கியமானது. நோயை முன்கூட்டிக் காட்டியது மருத்துவர் கண்டுபிடித்த மூளை அதிர்ச்சிகளின் எண்ணிக்கை அல்ல; வாழ்நாள் முழுக்கத் தலையில் வாங்கிய அடிகளின் மொத்த விசை. அதாவது வெப்ஸ்டரின் அடிகள். கொடி விழாத, மறு ஒளிபரப்பில் வராத அடிகள்.

நல்லது நடக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. லீக்கும் வீரர் சங்கமும் 2011-ல் போட்ட ஒப்பந்தத்தில் சீசன் நேரத்தில் முழுக் கவசத்தோடு மோதும் பயிற்சிகளை 14 ஆகச் சுருக்கினார்கள். வெப்ஸ்டர் வகை வீரர்களுக்கு நேரடியாகப் பலன் தந்த மாற்றம் என்றால் இதைத்தான் முதலில் சொல்வேன். 2022 முதல் பயிற்சி முகாம்களில் லைன்மேன்கள் (நடுவில் நேருக்கு நேர் மோதிக்கொள்கிறவர்கள்) ஹெல்மெட்டுக்கு மேல் மெத்தை போன்ற 'கார்டியன் கேப்' போடுகிறார்கள். 2024-ல், பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் கிக்-ஆஃப் முறையையே மாற்றி, இரண்டு அணிகளும் முழு வேகத்தில் ஓடிவந்து மோதுவதைத் தடுத்தார்கள். அந்த சீசனில் பதிவான மூளை அதிர்ச்சிகள் 182. 2015-ல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து இதுதான் குறைவு என்று லீக் சொன்னது. எனக்கு அதில் சந்தோஷமே.

ஆனால் இதே லீக்தான் 2021-ல் சீசனை 16 ஆட்டத்திலிருந்து 17 ஆக்கியது. இதே லீக்தான் ஞாயிற்றுக்கிழமை ஆடியவர்களை நான்கே நாளில், வியாழக்கிழமை இரவு, மறுபடி களமிறக்குகிறது. மயாமி டால்ஃபின்ஸின் குவார்ட்டர்பேக் டூவா டாகோவைலோவாவுக்கு நடந்ததைப் பாருங்கள். 2022 செப்டம்பர் 25, ஞாயிறு. தலை தரையில் மோதி, எழுந்து, தள்ளாடி விழப்போகிறார். முதுகுவலி என்றார்கள்; இரண்டாம் பாதியில் திரும்ப ஆடினார். வியாழக்கிழமை எங்கள் ஊருக்கு வந்தார். மறுபடி சாய்க்கப்பட்டபோது, மல்லாந்து கிடந்த அவருடைய விரல்கள் முகத்துக்கு முன்னால் கோணிக்கொண்டு விறைத்து நின்றன. பார்த்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். மூளை அதிர்ச்சிக்கான பரிசோதனை நடைமுறை எழுத்துப்படி பின்பற்றப்பட்டது என்று லீக்கும் வீரர் சங்கமும் சேர்ந்து விசாரித்துச் சொன்னார்கள். பிறகு, தள்ளாடினாலே அன்று ஆட்டம் முடிந்தது என்று விதியைத் திருத்தினார்கள். வியாழக்கிழமை ஆட்டத்தை மட்டும் தொடவில்லை. அதை ஒளிபரப்ப அமேசான் பணம் கொடுக்கிறது.

முன்னாள் வீரர்கள் போட்ட வழக்கில் வந்த இழப்பீட்டுத் திட்டத்திலும் ஒரு கேவலம் நடந்தது. மூளை எவ்வளவு பாதிக்கப்பட்டது என்று அளக்கும்போது, கறுப்பின வீரர்களுக்கு ஆரம்பத்திலேயே அறிவுத்திறன் குறைவு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட முடிந்தது. ஆகவே அதே பாதிப்புக்கு அவர்கள் இழப்பீடு பெறுவது கடினமாயிற்று. ஆடுகிறவர்களில் பெரும்பான்மை கறுப்பினத்தவர். முன்னாள் வீரர்கள் இருவர் 2020-ல் வழக்குப் போட்ட பிறகுதான், 2021-ல், அதைக் கைவிடுவதாக லீக் சொன்னது. இதைப் படித்த நாளில் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஆகவே நண்பர்களே, ஆட்டம் மென்மையாகிவிட்டது என்று கவலைப்படாதீர்கள். சென்டரும் அவருக்கு இருபுறமும் நிற்பவர்களுமாக நடுவில் குனிந்து நிற்கிற அந்த ஐந்து பேருக்கு எதுவும் மென்மையாகிவிடவில்லை. மூன்று சீசன் ஆடித் தகுதி பெற்றவருக்கு ஓய்வுக்குப் பின் லீக் தரும் மருத்துவக் காப்பீடு ஐந்து ஆண்டுகள். சி.டி.இ.யின் அறிகுறிகள் பலருக்குத் தெரியத் தொடங்குவதே அந்தக் காப்பீடு முடிந்து வருடக்கணக்கான பின்தான். இப்போது 18-வது ஆட்டம் பற்றிப் பேசுகிறார்கள். வீரர் சங்கம் அதில் கையெழுத்துப் போடக் கூடாது. கூடுதல் ஆட்டத்தைப் பற்றி வாயெடுக்கும் முன்னால், வாழ்நாள் முழுக்க மருத்துவக் காப்பீடு, வியாழக்கிழமை ஆடும் அணிகளுக்கு முந்தைய வாரம் கட்டாய ஓய்வு, லைன்மேன்களுக்குப் பயிற்சியில் மோதல்களை இன்னும் பாதியாகக் குறைப்பது, இந்த மூன்றையும் எழுதி வாங்க வேண்டும். டிக்கெட் வாங்குகிற நாமும், சந்தா கட்டுகிற நாமும் இதை உரக்கக் கேட்க வேண்டும்.