துண்டு போட்ட நாற்காலி

பங்குப்பேரவைக் கூட்டம் என்றால் என்னவென்று தெரியாத நண்பர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பங்கு என்றால் ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் கோயிலும் அதைச் சேர்ந்த மக்களும். அந்தக் கத்தோலிக்கப் பங்கு நிர்வாகத்தில் மக்களுக்கும் குரல் வேண்டும் என்பதற்காக ஏற்படுத்திய அமைப்பு அது. அன்பியம் என்று நாங்கள் சொல்லும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் சிறு குழுக்களுக்குப் பொறுப்பாளர்கள், பக்த சபைத் தலைவர்கள், இளைஞர் பிரதிநிதி, அருட்சகோதரி ஒருவர் என்று இருபது முப்பது பேர் வருவார்கள். அவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. எதிரே ஒரு மேசை, அதற்குப் பின்னால் வெள்ளைத் துண்டு விரித்த மர நாற்காலி, அது பங்குத்தந்தைக்கு. ஜெபம் முடியும், சென்ற கூட்ட அறிக்கை வாசிப்பார்கள், அப்புறம் சாமி பேசுவார். முக்கால் மணி நேரம் பேசுவார். கடைசியில் "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்பார். ஒருவர் எழுந்து மைக் செட்காரருக்குப் பாக்கி இருக்கிறது என்பார். டீ வரும். திருவிழாத் தேருக்கு இந்த வருஷம் பூ அலங்காரம் யார் என்பதில் மட்டும் நிஜமான விவாதம் நடக்கும், அதுவும் சண்டையாக.

நானும் குருதான். அந்தத் துண்டு நாற்காலியில் உட்காருகிறவன்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021 இல் கூட்டியக்கத் திருச்சபைக்கான மாமன்றப் பயணத்தைத் தொடங்கிவைத்தார். குருக்களும் மக்களும் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டு, சேர்ந்து பொறுப்பேற்று நடப்பதுதான் கூட்டியக்கம். அதைப் பற்றிப் பேச ரோமில் கூடும் ஆயர்களின் பெரிய கூட்டம்தான் மாமன்றம். 2023 அக்டோபர் அமர்வில் முதன்முறையாகப் பெண்கள் வாக்களித்தார்கள். 2024 அக்டோபரில் இறுதி ஆவணம் வந்தது. இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே எங்கள் குருக்கள் வட்டாரத்தில் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "இதெல்லாம் ஐரோப்பாவுக்குச் சரி ஃபாதர். நம்ம ஆசியப் பண்பாடு வேற. இங்கே ஜனங்களுக்கு ஒரு தலைவன் வேணும், குருன்னா மரியாதை வேணும்." மூத்தவர்கள் மட்டுமல்ல, குருமடத்திலிருந்து நேற்று வெளியே வந்த தம்பிகளும் இதையே சொல்கிறார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

இந்த வாதம் சரித்திரத்துக்கு முன்னால் நிற்காது. கொரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டுத் திருச்சபையைத் தொடங்கியது எந்த வெளிநாட்டு மறைப்பணியாளரும் இல்லை. பெய்ஜிங்கிலிருந்து வந்த சீன மொழிப் புத்தகங்களைப் படித்த அறிஞர்கள் சிலர் தங்களுக்குள் விவாதித்தே நம்பிக்கைக்கு வந்தார்கள். அவர்களில் யி சுங்-ஹுன் என்பவர் 1784 இல் பெய்ஜிங்கில் திருமுழுக்குப் பெற்றுத் திரும்பி, மற்றவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். ஆர்வம் தாங்காமல் தங்களில் சிலரையே குருக்களாக நியமித்துத் திருப்பலியும் வைத்தார்கள். அது செல்லாது என்று தெரியவந்ததும் நிறுத்திவிட்டார்கள். எங்களுக்கு ஒரு குருவை அனுப்புங்கள் என்று பெய்ஜிங்குக்கு ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள். 1794 இறுதியில் ஜோ வென்மோ என்ற சீனக் குரு எல்லை தாண்டி உள்ளே வந்தபோது அங்கே ஏறத்தாழ 4,000 கத்தோலிக்கர்கள் இருந்தார்கள். அவர் வந்து சபையை உருவாக்கவில்லை, இருந்த சபைக்குள் வந்து சேர்ந்தார்.

அவரை ஆறு ஆண்டுகள் பாதுகாத்தது யார் தெரியுமா? கொலும்பா காங் வான்-சுக் என்ற பெண். மேல்குடிப் பெண்ணின் வீட்டுக்குள் அதிகாரிகள் நுழையக்கூடாது என்பது அந்த நாட்டு வழக்கம். அதைப் பயன்படுத்திக்கொண்டு வீட்டிலேயே ஒளித்துவைத்தார். பெண்களுக்கு மறைக்கல்வி கொடுக்கும் பொறுப்பும் அவருடையதுதான். 1801 கலாபனையில், அதாவது கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில், இருவருமே கொல்லப்பட்டார்கள். 2014 இல் சியோலில் பிரான்சிஸ் அருளாளர்களாக (புனிதர் பட்டத்துக்கு முந்திய படி) உயர்த்திய 124 பேரில் இருவரும் உண்டு. இப்படித் தொடங்கிய திருச்சபை ஆசியாவில் இருக்கும்போது, பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாத சாதாரண மக்கள்) தலைமை ஐரோப்பியச் சரக்கு என்கிறோம்.

கிறிஸ்தவத்துக்குத் தடை இருந்த ஜப்பானில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் குருவே இல்லை. திருமுழுக்குக் கொடுக்க ஒருவர், திருநாள்களைக் கணக்கு வைத்துச் சொல்ல ஒருவர் என்று ஊருக்குள் பொறுப்பைப் பிரித்துக்கொண்டு மறைந்து வாழ்ந்தார்கள். 1865 மார்ச்சில் நாகசாகியின் ஓவுரா ஆலயத்துக்கு அவர்கள் வந்து நின்றபோது பிரெஞ்சுக் குரு திகைத்துப்போனார்.

அவ்வளவு தூரம் போவானேன்? யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 1658 இல் டச்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்ததும் கத்தோலிக்க மதத்துக்குத் தடை வந்தது, குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் 1687 இல் பிச்சைக்காரர் வேடத்தில் வந்து சேரும்வரை கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் மக்கள் தாங்களாகவே ஜெபம் சொல்லி, பிள்ளைகளுக்கு மந்திரங்கள் கற்றுக்கொடுத்துத் தாக்குப்பிடித்தார்கள். அவர் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டதே, அதை அடையாளம் கண்டுகொள்கிறவர் யார் என்று பார்க்கத்தான். சில்லாலை மக்கள் அவரை மறைத்துவைத்துக் காப்பாற்றியது அந்தப் பக்கத்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். வாஸ் அடிகளார் போன இடமெல்லாம் மூப்பர், அண்ணாவியார் என்று ஊருக்குள்ளேயே பொறுப்பாளர்களை வைத்துவிட்டுத்தான் அடுத்த ஊருக்குப் போனார். தான் திரும்பி வருவோமா என்பதே அவருக்கு நிச்சயமில்லை. அந்த நிலையில் இருப்பவர் அதிகாரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள மாட்டார்.

அவருக்கும் முந்தி, 1542 இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் செய்ததும் இதேதான். ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளை. ஜெபம் சொல்லிக்கொடுப்பது, அவசரத்துக்குத் திருமுழுக்குக் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க, போர்ச்சுக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கடற்கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த பணத்தைச் சவேரியார் கேட்டு வாங்கினார். எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி இது. இன்று அதே வேலையைச் செய்யும் எங்கள் உபதேசியார்களுக்கு நாம் கொடுக்கிற சம்பளத்தைப் பார்த்தால் சவேரியார் யாருடைய செருப்பில் கை வைப்பாரோ!

சரி, ஆசிய ஆயர்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். 1970 இல் திருத்தந்தை ஆறாம் பவுலைச் சந்திக்க மணிலாவில் ஏறத்தாழ 180 ஆயர்கள் கூடினார்கள். ஏழைகளின் திருச்சபையாக இருப்போம் என்று அங்கே தீர்மானம் சொன்னார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ஆசிய ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு. 1990 இல் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் கூடி, எல்லாரும் பங்கேற்கும் திருச்சபை, சிறு சமூகங்களின் ஒன்றிப்பு என்று எழுதினார்கள். நம் அன்பியங்களும் அந்தச் சிந்தனையின் பிள்ளைகள்தாம். ரோமில் கூட்டியக்கம் என்று பேச ஆரம்பிப்பதற்கு முப்பது ஆண்டுகள் முந்தியே ஆசியா இதைத் தாளில் எழுதிவிட்டது. தாளில்.

தாளிலிருந்து அது இறங்காததற்குப் பண்பாட்டைக் குறை சொல்வது சுலபம். எனக்கு வேறு காரணம் படுகிறது. தமிழ்நாட்டில் பங்குத்தந்தையின் அதிகாரம் பீடத்திலிருந்து மட்டும் வருவதில்லை, பள்ளிக்கூடத்திலிருந்தும் வருகிறது. பல ஊர்களில் அவர்தான் பங்குப் பள்ளியின் தாளாளர். பேரவையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் மகள் அதே பள்ளியில் டீச்சர். இன்னொருவர் பேரனுக்கு எல்.கே.ஜி. சீட்டுக்காகக் காத்திருக்கிறார். மூன்றாமவர் கான்ட்ராக்டர். இவர்களிடம் போய் "மனம் திறந்து பேசுங்கள்" என்றால் எப்படிப் பேசுவார்கள்? அவர்கள் தலையாட்டுவதைப் பார்த்துவிட்டு நாங்கள் "நம்ம ஜனங்களுக்குக் குருக்கள் மேல எவ்வளவு பக்தி" என்று புல்லரித்துப்போகிறோம்.

சட்டமும் ஒரு வழியில் கதவைத் திறந்து இன்னொரு வழியில் மூடுகிறது. திருச்சபைச் சட்டம் 536 இன்படி பங்குப்பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே. ஆனால் அடுத்த சட்டமே, 537, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் இருக்கவேண்டும் என்கிறது. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடமே கணக்குச் சொல்லவேண்டும் என்று 1287 சொல்கிறது. முதல் சட்டம் எல்லாக் குருக்களுக்கும் மனப்பாடம். மற்ற இரண்டும் பலருக்கு ஞாபகம் வருவதில்லை.

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. "பொறுப்பை மக்களிடம் கொடுத்தால் அது சாதிக் கமிட்டி கையில்தானே போகும்?" இதை நான் தட்டிக்கழிக்கவில்லை. 2008 மார்ச்சில் எறையூரில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஒரே பலிபீடத்தில் நற்கருணை வாங்கியவர்களின் சாதிப் பிரச்சினை போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. கல்லறைக்கு நடுவே சுவர் வைத்த ஊர்களும் நம்மிடம் உண்டு. அப்படிப்பட்ட ஊர்களில் தலித் மக்களுக்காகத் தனியாளாக நின்று, அடி வாங்கி, இடமாற்றமும் வாங்கிய குருக்களை நான் அறிவேன். அவர்களிடம் அதிகாரம் கொஞ்சமாவது இருந்ததால்தான் நிற்க முடிந்தது. ஆனால் அதே அதிகாரத்தை வைத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர்களோடு சமரசம் பேசி, சப்பரம் எந்தத் தெரு வழியே போகவேண்டும் என்று முடிவு செய்தவர்களையும் அறிவேன். இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கை ஆவணத்தை 2016 டிசம்பரில்தான் வெளியிட்டது. குருவின் தனி அதிகாரம் சாதியை ஒழித்திருந்தால் அந்த ஆவணத்துக்கு வேலையே இருந்திருக்காது. என் கருத்து இதுதான்: பேரவையில் பாதிப் பேர் பெண்கள், தலித் மக்கள் அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்றபடி, கணக்கு எல்லார் முன்னாலும். இது இல்லாமல் குருவிடமிருந்து பிடுங்கி நாட்டாமையிடம் கொடுப்பதில் எனக்கும் விருப்பமில்லை. (அன்பியங்களை நடத்துவது பெரும்பாலும் பெண்கள், பேரவையில் முன்வரிசை மட்டும் ஆண்களுக்கு என்பதையும் யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.)

தலைமை என்றதும் நமக்கு ஆயர்களும் கர்தினால்களுமே ஞாபகம் வருகிறார்கள். நல்ல உதாரணங்களும் உண்டு. 1986 பிப்ரவரியில் மணிலாவின் கர்தினால் சின் வேரித்தாஸ் வானொலியில் அழைத்ததும் மக்கள் எட்சா சாலையை நிறைத்தார்கள், நான்கு நாளில் சர்வாதிகாரி மார்க்கோஸ் நாட்டைவிட்டு ஓடினார். ஆனால் அதே மரியாதை வேறு விதத்திலும் வேலை செய்யும். 1996 இல் நோபல் அமைதிப் பரிசு வாங்கிய கிழக்குத் திமோர் ஆயர் பெலோ மீது, சிறுவர்களிடம் பாலியல் அத்துமீறல் செய்தார் என்ற குற்றச்சாட்டுகள் 2022 இல் வெளியே வந்தன. 2020 இலேயே அவர்மீது கட்டுப்பாடுகள் விதித்திருந்ததாக வத்திக்கான் அதற்குப் பிறகுதான் சொன்னது. கேள்வி கேட்க முடியாத உயரத்தில் ஒருவரை வைப்பது அவருக்கும் நல்லதில்லை, பிள்ளைகளுக்கு நிச்சயமாக நல்லதில்லை.

2021 மார்ச்சில் மியான்மரின் மியிட்சீனா நகரத் தெருவில் ஆயுதம் தாங்கிய போலீஸ் முன்னால் முழந்தாளிட்டு, பிள்ளைகளைச் சுடாதீர்கள், என்னைச் சுடுங்கள் என்று மன்றாடிய ஆன் ரோஸ் நு தவுங் ஓர் அருட்சகோதரி. அந்தப் படத்தில் எதிரே இரண்டு போலீஸ்காரர்களும் கைகூப்பி முழந்தாளிட்டிருப்பார்கள். பாகிஸ்தானில் தெய்வநிந்தனைச் சட்டத்தை எதிர்த்து, 2011 மார்ச்சில் இஸ்லாமாபாத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட ஷாபாஸ் பட்டி ஒரு பொதுநிலையினர். 2022 இல் புனிதராக உயர்த்தப்பட்ட நம் நட்டாலம் தேவசகாயமும் குருவல்ல, குடும்பஸ்தர். அவருக்குத் திருவிழா எடுக்கிறோம், தேர் இழுக்கிறோம். அவரைப்போல ஒருவர் நம் பேரவையில் எழுந்து எதிர்த்துப் பேசினால் "அவன் கொஞ்சம் பிரச்சினை பண்ற ஆளு" என்கிறோம்.

கடைசியாக ஒன்று, அக்கப்போர் மாதிரி இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மாமன்றத்தின் முதல் கட்டத்தில் மக்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கருத்துக் கேட்டோம் இல்லையா? ஓர் அன்பியத்துப் பெண்கள் "கோயில் கணக்கை யாரும் எங்களுக்குச் சொல்றதில்ல" என்று எழுதிக்கொடுத்தார்கள். மறைவட்டத் (பக்கத்துப் பங்குகள் சில சேர்ந்தது) தொகுப்பில் அது "நிதி மேலாண்மையில் கூடுதல் பகிர்வு விரும்பப்படுகிறது" என்று ஆனது. அதற்கு மேலே போன தொகுப்பில் அந்த வரியே இல்லை. இப்போது நடைமுறைக் கட்டம் நடக்கிறது. 2027 இல் மறைமாவட்டங்களில் மதிப்பீட்டுக் கூட்டங்கள், 2028 அக்டோபரில் வத்திக்கானில் அனைத்துலகத் திருச்சபைப் பேரவை. மறுபடியும் தொகுப்பு எழுதப்போகிறோம். இந்த முறை மக்கள் எழுதிக்கொடுக்கும் தாள்களை எழுத்துப்பிழையோடு அப்படியே நகலெடுத்துப் பின்னால் இணைக்கவேண்டும் என்று குருக்கள் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். "பார்க்கலாம் ஃபாதர்" என்றிருக்கிறார்கள்.