சென்சிட்டிவிட்டியை ஏற்றினால் மட்டும் ஆழம் கிடைக்காது

“ஈக்வினாக்ஸ் 800 மெட்டல் டிடெக்டரில் சென்சிட்டிவிட்டியை (மெல்லிய சிக்னலையும் பிடிக்கும் அளவு) 25-இல் வைத்தால் மூன்றடி ஆழத்துக் காசும் சிக்கும்” என்று சிலர் சொல்வது தவறு. 25 அந்த மெஷினின் உச்சம், உண்மைதான். ஆனால் இரும்பு மிகுந்த செம்மண்ணில் அவ்வளவு வைத்தால் மண்ணே கத்தும். ஆழத்துக் காசின் மெல்லிய ஒலி அந்த இரைச்சலில் அமுங்கிப்போகும்.

முதலில் உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து, காயிலை (தரைமேல் வீசும் வட்டத் தலையை) ஏற்றி இறக்கி கிரவுண்ட் பேலன்ஸ் செய்யுங்கள், அதாவது மண்ணின் சிக்னலை ஒதுக்க மெஷினைப் பழக்குங்கள். அப்புறம் சென்சிட்டிவிட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கரகரப்பு தொடங்கியதும் ஒன்றிரண்டு புள்ளி குறையுங்கள். ரெகவரி ஸ்பீடையும் (ஒரு சிக்னலுக்குப் பின் அடுத்ததற்கு மெஷின் தயாராகும் வேகம்) குறைத்து, காயிலை நிதானமாக வீசுங்கள். (ஆணி, தகரம் நிறைந்த இடத்தில் மட்டும் இந்த ஸ்பீடைக் குறைக்க வேண்டாம், பக்கத்து ஆணி காசை மறைத்துவிடும்.) காயில் தரையை ஒட்டியே போகட்டும். ஒரு அங்குலம் தூக்கிப் பிடித்தால் அந்த ஒரு அங்குல ஆழம் போச்சு.

மூன்றடிக் கதைக்கு வருவோம். கூடவே வரும் 11 அங்குலக் காயிலில் ஒற்றைக் காசுக்கு ஒரு அடியே பெரிய விஷயம். தூரம் இரட்டித்தால் சிக்னல் பல பத்து மடங்கு குறைந்துவிடும். மூன்றடியில் ஏதாவது கத்தினால் அது பெரும்பாலும் பழைய குழாய்.