இளவரசருக்கு வயது 2,889

(ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். திண்ணையில் மடிக்கணினியோடு மருமகன். எதிரே ஈசிசேரில் மாமா. முப்பது வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு உத்தியோகத்துக்கு மட்டும்தான், பட்டா சிட்டாவுக்கு இல்லை.)

மாமா: காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. அந்தப் பெட்டிக்குள் அப்படி என்னடா?

மருமகன்: மாட் செய்யப் போகிறோம் மாமா.

மாமா: மாடா? மண்ணிலா, மரத்திலா?

மருமகன்: மாடு இல்லை, மாட். இருக்கிற விளையாட்டைப் பிரித்து நம் இஷ்டத்துக்கு மாற்றிக் கட்டுவது. குரூசேடர் கிங்ஸ் 3 என்று ஒரு விளையாட்டு, 2020இல் வந்தது. அதில் இருக்கிற இடைக்கால ஐரோப்பாவைத் தூக்கிவிட்டு ஒரு மாயாஜாலக் கதைப் புத்தகத்தின் உலகத்தை வைக்க வேண்டும். எந்தப் புத்தகம் என்று ராத்திரி பத்து மணிக்குள் நண்பர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

மாமா: எந்நேரமும் வெட்டுக்குத்து. அதானே?

மருமகன்: வெட்டுக்குத்து கொஞ்சம்தான். நீங்கள் ராஜா. கல்யாணம் செய்கிறீர்கள், பிள்ளை பெறுகிறீர்கள், செத்துப்போகிறீர்கள்.

மாமா: வாயைக் கழுவு.

மருமகன்: ஆட்டத்தில் மாமா. அப்புறம் உங்கள் வாரிசாகத் தொடர வேண்டும். நாலு பிள்ளை இருந்தால் ராஜ்யம் நாலாகப் பிரிந்துவிடும்.

மாமா: பாகப்பிரிவினை! சரி, பக்கத்து ஊரைப் பிடிக்க வேண்டுமென்றால்?

மருமகன்: சும்மா படையெடுக்க முடியாது. அந்த மண்ணில் உங்களுக்குப் பாத்தியதை இருக்க வேண்டும். இல்லையென்றால் அரண்மனை மதகுருவை வைத்து ஒரு பத்திரம் ஜோடிக்கலாம்.

மாமா: (நிமிர்ந்து உட்கார்ந்து) போலிப் பத்திரமா? இதையா விளையாட்டு என்கிறாய்? நான் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்த்த வேலையடா. எந்தெந்த உலகம் கையில் இருக்கிறது, சொல்.

மருமகன்: முதலில் மத்திய பூமி. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நடக்கிற இடம். அங்கே எல்ஃப் என்று ஒரு கூட்டம். அழகாக இருப்பார்கள், பாடுவார்கள், வயதாகிச் சாகவே மாட்டார்கள்.

மாமா: சாகவே மாட்டார்களா?

மருமகன்: யாராவது வெட்டினால்தான் உண்டு. ரிவெண்டெல் பள்ளத்தாக்கின் தலைவர் எல்ரோண்டுக்கு வயது ஆறாயிரத்துக்கு மேல். இரட்டைப் பையன்கள். கதையில் வரும் போர் முடிகிற வருடம் அவர்களுக்கு 2,889 வயது.

மாமா: பையன்கள் பெயரில் எதை எழுதி வைத்திருக்கிறார்?

மருமகன்: எதையும் இல்லை. அதுதான் அப்பா இருக்கிறாரே.

மாமா: அடப்பாவமே! நான் வேலை பார்த்த ஊரில் ஒரு பெரியவர் தொண்ணூறு வயது வரை சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. மூத்த மகன் அறுபத்தெட்டு வயதில் பீடிக்குக் காசு கேட்டு நிற்பான். அதற்கே ஊர் சிரித்தது. வாரிசு மாறினால்தானே உன் ஆட்டம் நகரும்?

மருமகன்: (தலையைச் சொறிந்து) ஆமாம்.

மாமா: பையன்கள் கோர்ட்டுக்குப் போனார்களா?

மருமகன்: இல்லை. பாசமான குடும்பம்.

மாமா: தள்ளு. பாசமான குடும்பத்தை வைத்துக்கொண்டு என்ன ராஜ்யம் நடத்துவது?

மருமகன்: மனிதர்கள் பக்கம் ஆடலாமே! காண்டோர் நாட்டில் ராஜா இல்லை. ராஜா திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்கிறோம் என்று உட்கார்ந்த காரியஸ்தர் வம்சம்தான் ஆள்கிறது.

மாமா: எத்தனை வருடமாக?

மருமகன்: 969.

மாமா: (கண்ணாடியைக் கழற்றி) தனியார் நிலத்தைப் பன்னிரண்டு வருடம், சர்க்கார் நிலத்தை முப்பது வருடம் கையில் வைத்திருந்தாலே அனுபவ பாத்தியதை பேசுவார்கள். அப்புறம்?

மருமகன்: காட்டிலிருந்து அரகோர்ன் என்று ஒருவர் வருகிறார். முன்னோருடைய கத்தி, உடைந்ததை ஒட்டி எடுத்துக்கொண்டு, நான்தான் வாரிசு என்கிறார்.

மாமா: ஆவணம் கத்தி ஒன்றுதானா? காரியஸ்தர் விட்டாரா?

மருமகன்: அப்பா முடியாது என்றார். அவர் செத்ததும் மகன் கோலை நீட்டிவிட்டார், எடுத்துக்கொள்ளுங்கள் என்று.

மாமா: அந்த மகன் நம் தாலுகாவில் பிறக்கவில்லை. புது ராஜா தீர்வை எவ்வளவு போட்டார்?

மருமகன்: புத்தகத்தில் இல்லை. இதையே ஜார்ஜ் மார்ட்டினும் ஒரு பேட்டியில் கேட்டார், அரகோர்னின் வரிக்கொள்கை என்னவென்று.

மாமா: யார், தாசில்தாரா?

மருமகன்: எழுத்தாளர். அடுத்த உலகமே அவருடையதுதான், வெஸ்டெரோஸ். ஏழு ராஜ்யம், ஒரே சிம்மாசனம். கஜானாவுக்கு அறுபது லட்சம் பொன் கடன்.

மாமா: அப்படிச் சொல்! யாரிடம்?

மருமகன்: பாதி ராஜாவின் மாமனாரிடம்.

மாமா: மாமனாரிடம் முப்பது லட்சம் வாங்கியவன் வீட்டில் ராஜா யாரடா? சரி, அவனுக்குப் பிள்ளைகள்?

மருமகன்: மூன்று. மூன்றுமே அவருடைய பிள்ளைகள் இல்லை.

மாமா: (காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு) வாரிசுச் சான்றிதழ் கொடுக்கவே தனி ஆபீஸ் போட வேண்டும். இதை எழுதிக்கொள்.

மருமகன்: இரண்டு தொல்லை மாமா. வேறு ஒரு கூட்டம் 2012லேயே இதற்கு முந்தைய விளையாட்டில் இந்த உலகத்தைச் செய்துவிட்டது. இதிலும் வந்துவிட்டது. தவிர, கதையே முடியவில்லை. முதல் புத்தகம் 1996, ஐந்தாவது 2011. ஆறாவது இன்னும் வரவில்லை.

மாமா: மேஜையில் இருக்கும். மேலே பேப்பர்வெயிட் இருக்கும். அடுத்தது?

மருமகன்: எர்த்ஸீ. முழுக்கத் தீவுகள். ஒருவருடைய உண்மைப் பெயர் தெரிந்தால் அவர் உங்கள் வசம். அதனால் யாரும் பெயரைச் சொல்ல மாட்டார்கள்.

மாமா: பெயர் சொல்லாதவனுக்குப் பட்டா எப்படி எழுதுவது? அடுத்தது.

மருமகன்: டிஸ்க்வேர்ல்ட். தட்டையான உலகம். ஆமை மேல் நான்கு யானை, யானைகள் மேல் உலகம். அங்கே பெரிய நகரத்தில் திருடர்களுக்குச் சங்கம் உண்டு. வருடத்துக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்துத் திருடுவார்கள், திருடியதும் ரசீது கொடுப்பார்கள்.

மாமா: ரசீதா! என்னை அந்த ஊருக்கு மாற்றியிருக்கலாம். (யோசித்து) வேண்டாம். ஒழுங்காகக் கணக்கு இருக்கிற ஊரில் வழக்கு ஏது? ஏன்டா, சீமையெல்லாம் தேடுகிறாயே, விக்கிரமாதித்தன் கதை என்ன ஆயிற்று?

மருமகன்: வேதாளம் முருங்கை மரம் ஏறுமே, அதுவா?

மாமா: அதற்கு முன்னால் கேள். இந்திரன் சிம்மாசனம் கொடுத்து, இதில் ஆயிரம் வருடம் இருந்து ஆள் என்று வரமும் கொடுத்தான். மந்திரி பட்டி காளியிடம் போய் இரண்டாயிரம் வருடம் வாங்கி வந்துவிட்டான். ராஜாவுக்கு ஆயிரம், மந்திரிக்கு இரண்டாயிரம். பட்டி என்ன யோசனை சொன்னான்?

மருமகன்: காடாறு மாதம், நாடாறு மாதம்!

மாமா: வரம் சிம்மாசனத்தில் இருக்கிற நாளுக்குத்தானே? காட்டில் கழிகிற ஆறு மாதம் கணக்கில் வராது. ஆயிரம், இரண்டாயிரமாகிவிட்டது.

மருமகன்: (எழுந்து நின்று) மாமா, இதற்கு எங்கள் பாஷையில் எக்ஸ்பிளாய்ட் என்று பெயர். விதியில் ஓட்டை பார்த்து நுழைவது. அடுத்த அப்டேட்டில் அடைத்துவிடுவார்கள்.

மாமா: இந்திரனே அடைக்கவில்லை.

மருமகன்: வேதாளமும் சரியாகப் பொருந்துகிறதே! பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் வேதாளம் திரும்ப மரத்துக்குப் போய்விடும். திரையில் இரண்டு பொத்தான், இரண்டிலும் நஷ்டம். அச்சாக எங்கள் ஆட்டம் மாமா!

மாமா: அந்தச் சிம்மாசனம் பிற்பாடு போஜராஜன் கைக்கு வருகிறது. ஏறப்போனால் முப்பத்திரண்டு பதுமைகள், ஒவ்வொன்றும் மறித்துக் கதை சொல்லும். உனக்கு அந்த யோக்கியதை உண்டா என்று கேட்கும்.

மருமகன்: டுடோரியல்! ஆட்டம் தொடங்கும் முன் சொல்லித்தரும் பாடம், அதுவும் தவிர்க்க முடியாத டுடோரியல். பழைய கதை, பதிப்புரிமை கேட்டு நோட்டீஸ் விட யாரும் இல்லை. இருங்கள், அனுப்பிவிடுகிறேன். (விரல்கள் பறக்கின்றன) ஒருவன் கேட்கிறான், ராஜா காட்டில் இருக்கிற ஆறு மாதம் விளையாடுகிறவன் என்ன செய்வான் என்று.

மாமா: அதை அப்புறம் பார்க்கலாம். முதலில், அந்தக் காடு வனத்துறைக் காடா, புறம்போக்கா?

மருமகன்: கதையில் இல்லை மாமா.

மாமா: சர்வே எண்?

மருமகன்: அதுவும் இல்லை.

மாமா: நினைத்தேன். நகர்ந்து உட்கார். இந்தப் பெட்டியில் புதிதாக ஒரு கோப்பு எப்படித் திறப்பது?