கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்

சைக்கிள் கற்றுக்கொள்ள இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட. புதுக்கோட்டை மாவட்டத்தில் பிறந்த என் அம்மா அப்படித்தான் கற்றுக்கொண்டார்.

1991-இல் எங்கள் மாவட்டத்துக்கு அறிவொளி இயக்கம் வந்தபோது எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தவர் அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். கூலி வேலைக்குப் போனவர்கள், கல் குவாரியில் உழைத்தவர்கள், கிராம செவிலியர்கள், ஆசிரியைகள் என ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் விடுதலை, தன்னம்பிக்கை என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அம்மா அந்த நாட்களைச் சொல்லத் தொடங்கினால் முதலில் வருவது சிரிப்பு. பொழுது சாய்ந்த பிறகு பள்ளிக்கூட மைதானம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஓடியவர் எதிர்வீட்டு அத்தை, அம்மாவுக்கு மதினி முறை. “விட்டுவிடாதீர்கள் மதினி” என்று அம்மா அலறிக்கொண்டே மிதித்திருக்கிறார். அத்தை எப்போதோ கையை எடுத்துவிட்டார். ஆனாலும் ஓடிக்கொண்டேதான் இருந்தார். விழுந்தால் தூக்கிவிட ஆள் வேண்டுமே!

போன வருடம் அப்பா இறந்த பிறகு சென்னையில் நான்கு மாதம் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தேன். ஒருநாள் விடியற்காலையில் மேல்மாடி அக்கா கதவைத் தட்டினார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. “ஷூவை மாட்டு” என்றார், அவ்வளவுதான். பெசன்ட் நகர் கடற்கரையில் இருநூறு அடி ஓடியிருப்பேன், அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் நிற்கவில்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டு பக்கத்திலேயே வந்தார். எதிரெதிரே உட்கார்ந்து யாரிடமும் சொல்ல முடியாததை அன்று மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லி முடித்தேன். இன்று ஞாயிறுதோறும் நாங்கள் எட்டுப் பேர்.

லண்டன் புஷி பூங்காவில் 2004-இல் 13 பேர் ஓடித் தொடங்கியது பார்க்ரன். சனிக்கிழமைதோறும் ஐந்து கிலோமீட்டர், கட்டணம் இல்லை. அதில் எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் உண்டு. அதனால் ஓட வந்தவர் எவரும் கடைசி ஆள் ஆவதில்லை. படித்ததும் எனக்கு எங்கள் அத்தைதான் நினைவுக்கு வந்தார்.

பதக்கத்தையும் வேகக் கணக்கையும் நான் குறை சொல்லவில்லை. பின்தங்கியவரை விட்டுவிட்டுப் போகிற குழுவோடு ஓட மட்டும் எனக்கு மனம் வரவில்லை.

அம்மா கற்றுக்கொண்ட மைதானம் இப்போது மாலையானால் பூட்டிக் கிடக்கிறது. போன மாதம் அண்ணன் மகளுக்குத் தெருவில்தான் சைக்கிள் சொல்லிக்கொடுத்தேன், ஒவ்வொரு பைக்குக்கும் ஒதுங்கி ஒதுங்கி. மாலையில் இரண்டு மணி நேரம் அந்தக் கதவைத் திறந்துவைத்தால் போதும். திறந்து பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க எங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறது. கேட்டுவிட்டேன், அத்தை தயார்.